ஏழு பேர் தாராளமாக அமரலாம்

1

கார் வாங்கப் போய்க் கதையோடு திரும்பியவன் நான். என் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. பழையதாக இருந்தாலும் போதும், கொஞ்சம் உயரமாக, சாமான்செட்டோடு குடும்பம் கொள்கிற மாதிரி ஒன்று. பழைய கார்கள் விற்கும் அந்த முற்றத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். முக்கால் மணி நேரமும் நான் வண்டியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். அவர்களுக்கு ஓரடி பின்னால், கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு ஓர் ஆள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் பேசாமல் நிற்க நிற்க, விற்கிற பெண் விலையைக் குறைத்துக்கொண்டே போனாள்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் அந்தக் குடும்பத்தைத் திட்டாதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய கார்களின் கூரைகள்மீது துளிகள் —"

அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றாத நாட்களில்தான் என் கதைகளில் மழை பெய்யும்.

அடுத்தது:

"எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட, எதை விட்டுவிடுகிறோம் என்பதே —"

இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன். உங்களை மட்டும் படிக்கச் சொல்வானேன்?

மூன்றாவது இது. இது நிலைத்துவிடும் என்று தோன்றுகிறது:

போக்குவரத்துக் காவலர் குனிந்து, அந்தச் சின்னக் காருக்குள் இருந்த தலைகளை எண்ணினார். முன்னால் கணவன், பக்கத்தில் மனைவி. பின்னால் பெரியவள், நடுவிலவள், அப்புறம் மனைவியின் அண்ணன். அவர் மடியில் நான்கு வயதுச் சின்னவள், வாயைத் திறந்து நல்ல தூக்கம்.

"அஞ்சு பேர் வண்டி சார் இது. ஆறு பேர் இருக்கீங்க."

கணவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களில் எல்லாம் ஏறி, இத்தனை பேருக்கு மேல் ஏறாதீர்கள் என்று பலகை மாட்டிவிட்டு வருகிறவன். அவன் கெஞ்சியதும் அந்தத் தொழில் மொழியிலேயே அமைந்துவிட்டது.

"சார், மூணு குழந்தைங்களையும் சேர்த்து எடை போட்டாலும் ஒரு ஆளுக்கு மேல வராது சார்."

"இது லிஃப்ட் இல்ல சார். சீட்டைத்தான் எண்ணுவோம்."

அந்தச் சத்தத்தில் சின்னவள் விழித்துக்கொண்டாள். நிலைமையைப் பார்த்தாள். தன்னால் ஆன உதவியைச் செய்தாள்.

"அங்கிள், மாமாவை எண்ணாதீங்க. அவரு பேசவே மாட்டாரு."

காவலர் சிரித்துக்கொண்டே அபராதச் சீட்டை எழுதினார். அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தான். மாமாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

புது வண்டி தேடல் தொடங்கியது இப்படி. அந்தச் சின்னக் காரும் ஆயுசு முடிந்து இழுத்துக்கொண்டிருந்தது, எப்படியும் மாற்றியாக வேண்டும். கணக்கு சுலபம். ஆறு பேர் போக வேண்டுமென்றால் பெரிய வண்டி வேண்டும். இல்லையென்றால் ஐந்து பேர் போக வேண்டும்.

3

இந்த மாமா மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பேசாத ஆளை வைத்துக்கொண்டு கதை ஓட்டுவது பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்டுவது மாதிரி. இரண்டு முறை அவரைத் தூக்கிவிட்டுக் கலகலப்பான ஒரு சித்தப்பாவை வைத்துப் பார்த்தேன். சித்தப்பா பேசிப் பேசிக் கதையை மூன்றே பக்கத்தில் முடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் மாமாவையே திரும்பக் கூப்பிட்டேன். வந்தார். எங்கே போயிருந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது. பாடநூல் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். மணவாழ்க்கை முறிந்தபோது ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கை வீட்டுக்கு வந்தார். அந்த ஒரு வாரம் இப்போது ஐந்து வருடமாகிறது. மாடி அறை. அவருக்கென்று தனிக் கதவு, தனிப் படிக்கட்டு, தண்ணீர் சுடவைக்கத் தனிப் பாத்திரம். யாருக்கும் தொந்தரவு இல்லாதபடி எல்லாம் தனித்தனி. ஞாயிற்றுக்கிழமை காருக்குள் மட்டும்தான் தனி என்று எதுவும் இல்லை. ஒரு தோளில் கதவு, இன்னொரு தோளில் நடுவிலவளின் முழங்கை, மடியில் சின்னவள். அந்த நெருக்கடியில்தான் தான் ஒரு வீட்டைச் சேர்ந்தவன் என்று அவருக்கு உறைக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் உங்களிடம் போட்டுக்கொடுக்கிறேன்.

தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அண்ணனுக்கு அவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அந்த மௌனத்துக்கு ஒரு பயன் இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒருமுறை ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது அண்ணன் சும்மா கூட நின்றிருக்கிறார். கடைக்காரர் விலை சொன்னார். இவர் பார்த்தார். கடைக்காரர் விலையைக் குறைத்தார். இவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஒரு மிக்ஸியைச் சேர்த்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து குழாய் ரிப்பேர், பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டுச் சொந்தக்காரர் என எதற்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "மச்சான், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நின்னா போதும்" என்பான் தங்கை கணவன்.

அவர் உண்மையிலேயே சும்மாதான் நிற்பார். எதிராளியின் முகத்துக்குப் பின்னால் சுவரில் ஏதாவது அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

(என் மனைவியின் குறிப்பு, ஓரத்தில் பென்சிலில்: "இந்த ஆளுக்குத் தனியா ஒரு ஸ்கூட்டராவது வாங்கிக் கொடுத்தா என்ன?" நியாயமான கேள்வி. வாங்கலாம்தான். ஆனால் தனியாகப் போவதற்கு அவருக்கு வண்டி எதற்கு? தனிமைதான் மாடியிலேயே கிடைக்கிறதே.)

4

இனி வண்டி.

குடும்பம் பிடித்துக்கொண்டது எஸ்யுவி எனப்படும் உயரமான வண்டிகளில் ஒன்றை. பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அவர்கள் காசு தரவில்லை. பெயர் ஒன்று, தலைமுறை நான்கு. முதல் தலைமுறை பெட்டி மாதிரி இருக்கும். உதிரிச் சக்கரத்தைப் பின்கதவில் பள்ளிக்கூடப் பையைப் போல மாட்டிக்கொண்டு நிற்கும். இன்று அதை வாங்குகிறவர்கள் ஒன்று பழைய வண்டிப் பித்தர்கள், இல்லையென்றால் மெக்கானிக்குகள். இரண்டாம் தலைமுறை கொஞ்சம் நீண்டு, கடைசியில் மூன்றாவது வரிசை என்று இரண்டு மடக்கு இருக்கைகளைப் பெற்றது. விளம்பரங்களில் "ஏழு பேர் தாராளமாக அமரலாம்" என்று போட்டிருக்கும். அந்தத் தாராளம் யாருடையது என்று போட்டிருக்காது. மூன்றாம் தலைமுறையில் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பெரிய டிக்கி வந்தது. கூடவே ஆறு ஏர்பேக், பின்பக்கக் கேமரா, பூனை நடக்கிற மாதிரி எஞ்சின். நான்காம் தலைமுறையில் மூன்றாவது வரிசை திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதன் விலையைக் கேட்ட கணவன், கேட்கவே இல்லை என்பது போல மேலே விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

நடுநடுவே ஃபேஸ்லிஃப்ட் என்று ஒன்று வரும். விளக்கையும் முன்பக்கக் கம்பிவலையையும் மட்டும் மாற்றிவிட்டுப் புது வண்டி என்பார்கள். நான் இந்தக் கதையின் தொடக்கத்தை மூன்று தடவை மாற்றினேனே, அதே வேலைதான். எஞ்சின் பழசுதான்.

மாமா இந்தத் தலைமுறைகளைப் பதிப்புகளாகத்தான் புரிந்துகொண்டார். இரண்டாம் பதிப்பில் இருந்த ஒரு வரி மூன்றாம் பதிப்பில் இல்லை. எங்கோ ஒரு மேஜையில் யாரோ அந்த வரிசையைச் சுழித்து, "யாரும் உட்காருவதில்லை, நீக்கவும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். அவரும் தினமும் எத்தனையோ வரிகளை அப்படி நீக்குகிறார். நீக்கப்பட்ட வரிக்கு எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை.

(இந்தப் பத்தி கொஞ்சம் கனக்கிறது. தெரிகிறது. அடுத்ததில் இறக்கிவிடுகிறேன்.)

5

இரண்டாம் தலைமுறை வண்டி ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்றது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"எட்டு வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது" என்றார்.

மாமா நின்றார்.

"சின்னதா ஒண்ணு. பார்க்கிங்ல, தூண்ல பட்டது."

மாமா நின்றார். பயிற்சியாளரின் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது.

"சரி, பின்னாடி ஒருத்தன் இடிச்சுட்டான். பம்பர் போச்சு."

நாட்காட்டியில் போன மாதமே இருந்தது.

"கதவும் போச்சு. புதுசா போட்டாச்சு. என் வீட்டுக்காரம்மாதான் ரிவர்ஸ் எடுத்தா..." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இல்ல. நான்தான் எடுத்தேன். அவ மேல பழியைப் போட்டு எட்டு வருஷமா ஓட்டிட்டிருக்கேன்."

"மச்சான், போதும்" என்று கணவன் காதில் கிசுகிசுத்தான். "விட்டா சின்ன வயசுல மிட்டாய் திருடினதெல்லாம் சொல்லிடுவாரு."

மூன்றாவது வரிசைக்குள் போவது எளிதில்லை. நடு இருக்கையை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே அனுப்பிவிட்டு மற்றக் காலைப் பற்றிப் பிறகு யோசிக்க வேண்டும். மாமா போனார். உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. தலை கூரையைத் தொட்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எழுதியதே இல்லை. எழுதி, அதிகம் என்று அடித்துவிட்டு, மறுபடியும் எழுதினேன்.

அவர் பின்னாலேயே சின்னவளும் நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பெல்ட்டை மாட்டினாள். எட்டி அவர் பெல்ட்டையும் மாட்டினாள்.

"மாமா, இது நம்ம ரெண்டு பேர் வீடா?"

"ம்" என்றார் மாமா.

வெளியே தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கிற பழக்கத்தில், "ஏங்க, இதுவா? இல்ல, நாளைக்குப் பார்க்கப்போறதா?" என்றாள்.

கணவன் வண்டியின் பின்னால் போனான். பின்கதவைத் திறந்து, கடைசி இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்து அளந்தான். ஒரு சாண்கூட இல்லை.

"இங்க ஏற்கெனவே இடி வாங்கின வண்டி" என்றான் மெதுவாக. "இன்னொருத்தன் வந்து இடிச்சான்னா முதல்ல வாங்கப்போறது இந்த வரிசைதான். மச்சான் மட்டும் உட்கார்ந்தாலாவது பரவாயில்ல..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயோ, அப்படிச் சொல்லல மச்சான். சின்னவ உங்க பக்கத்துலதான் உட்காருவேன்னு அடம் பிடிப்பா. அதைச் சொன்னேன்."

"தெரியும் மாப்பிள்ளை" என்றார் மாமா. அன்று அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

கெட்டவன் இல்லாத கதையை எழுதுவதில் இதுதான் சிக்கல். அவன் சொன்னது சரி. அவன் கையை வைத்து அளந்த அந்த இடைவெளியும் உண்மை. நானே அவன் இடத்தில் இருந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்களும்தான்.

6

[இங்கே இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் பேசாமல் இருக்கிற ஒரு காட்சி வர வேண்டும். எழுதினேன். யாரும் பேசாததால் அரைப் பக்கம்கூட வரவில்லை. எடுத்துவிட்டேன்.]

7

மூன்றாம் தலைமுறை, அந்த முற்றத்தில். இதுதான் நான் கண்ணால் பார்த்த இடம். அதனால் கவனமாக எழுதுகிறேன்.

வெள்ளை நிறம். ஒரே உரிமையாளர். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. விற்பனைப் பெண் சாவியைப் போட்டதும் எஞ்சின் ஓடுகிறதா என்று கணவன் பானட்டில் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. மூன்று குழந்தைகளும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. நடுவில் ஒரு விரல் இடம் மிச்சமில்லை, ஒரு விரல் இடம் போதவில்லை என்றும் இல்லை.

இந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை. வண்டியில் குறையே கிடையாது. மாமா வழக்கம் போல நின்றார். ஆனால் இந்தத் தடவை அவர் சுவரைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாகப் பின் இருக்கையின் தலைச் சாய்மானங்களை எண்ணினார். மூன்று. எதையும் இருமுறை சரிபார்ப்பது அவர் தொழில். மறுபடி எண்ணினார். மூன்று.

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். "சார், விலை கொஞ்சம் பேசிக்கலாம்" என்றாள்.

மாமா மூன்றாம் முறையும் எண்ணினார். முகம் இன்னும் இறுகியது.

"டயர் நாலையும் புதுசா போட்டுத் தர்றோம்."

அவர் கண் கலங்கிவிடுமோ என்று பயந்து புருவத்தைச் சுருக்கினார்.

"ஒரு வருஷம் வாரன்டியும் சேர்த்துக்கலாம் சார். இதுக்கு மேல என் கையில இல்ல."

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், இன்னைக்குப் பின்றீங்க!" என்று காதோடு சொன்னான்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குத்தான் புரியவில்லை. தனக்கு இடமில்லாத வண்டியை மாமா துக்கத்தாலேயே மலிவாக்கிக்கொண்டிருந்தார். அவர் வருந்த வருந்த, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

விற்பனைப் பெண் அட்டையில் செருகிய படிவத்தை எடுத்தாள். பேனா மூடியைத் திறந்தாள்.

"இன்ஷூரன்ஸுக்கு ஒரு விவரம். வழக்கமா எத்தனை பேர் போவீங்க?"

கணவன் திடீரென்று டயரின் பள்ளக் கோடுகளில் ஆழ்ந்துவிட்டான். மாமா தங்கையைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காத. நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள்.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு வருஷமா இதேதான். காபி வேணுமான்னு நான் கேட்கணும். ஞாயித்துக்கிழமை வர்றியான்னு நான் கேட்கணும். 'ம்'னு ஒண்ணு சொல்லுவ. அது ஆமாவா, இல்லையா, போனாப்போகுதுன்னு வர்றியான்னு நானா உட்கார்ந்து அர்த்தம் எழுதிக்கணும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்கு இது வேணும்னு நீ கேட்டிருக்கியாண்ணா?"

"ஏய், என்ன இது, நாலு பேர் நிக்கிற இடத்துல" என்றான் கணவன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் சும்மாதானே டயரைப் பார்த்துட்டிருக்கேன்!"

அவள் அண்ணனுக்கு நேராக வந்து நின்றாள். கண்ணைச் சோதிக்கும்போது நிற்கிற தூரத்தில்.

"உன் மூஞ்சியைப் பார்த்து ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் விலையைக் குறைக்கலாம். நான் குறைக்க மாட்டேன். எங்களோட வரணும்னு உனக்கு இருந்தா வாயைத் திறந்து சொல்லு. சொன்னா இதை இப்படியே விட்டுட்டுப் போயிடலாம். ஆறு பேருக்கு உருப்படியா ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் பஸ்ல போவோம், எத்தனை மாசம் ஆனாலும் சரி. சொல்லலைன்னா அஞ்சுன்னு எழுதிக்கச் சொல்றேன். நீ மாடியிலயே நிம்மதியா இரு. அதுவும் உன் இஷ்டம்தான். ஆனா உன் இஷ்டம் என்னன்னு இன்னைக்கு நீதான் சொல்லணும்."

முற்றத்தில் யாரோ ஒரு வண்டியின் ஹாரனைச் சோதித்துப் பார்த்தார்கள்.

மாமா வாயைத் திறந்தார்.

8

இதுவரை எழுதி ஆறு நாளாகிறது.

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் "அஞ்சு" என்கிறார். உங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்கத் துணிவில்லாததைத் தியாகம் என்று பெயர் மாற்றி விற்கிறார். அதுவும் ஒரு ஃபேஸ்லிஃப்ட்தான். தங்கைக்கு அது உடனே தெரிந்துவிடும். கண் பார்க்கிறவள்.

இன்னொன்றில் அவர் "ஆறு" என்கிறார். கணவன் புது டயர்களை ஏக்கத்தோடு பார்க்கிறான். எல்லோரும் பஸ் ஏறுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. மழைக்காலம் வரும். மூன்று குழந்தைகளோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள். நனைந்த ஒவ்வொரு பாவாடையையும் பிழியும்போதும் அவர் அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். தங்கை விட மாட்டாள் என்று நினைக்கிறேன். கணவன்? அவனும் விட மாட்டான், ஆனால் பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சுகளையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவதில் அவர் திறந்த வாயை மூடிவிடுகிறார். விற்பனைப் பெண் பயந்துபோய் சீட் உறையும் இலவசம் என்கிறாள். சிரிப்பு வந்தது. எழுதியதும் வெட்கமாகவும் இருந்தது.

என் மனைவி கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "பாவங்க, மனுஷனை வாயைத் திறந்தபடியே விட்டுட்டீங்களே, ஈ போயிடப்போகுது" என்றாள். பிறகு, "நமக்குக் கார் எப்போ?" என்றாள்.

விஷயம் இதுதான். அந்த முற்றத்தில் அவர் குரலை நான் கேட்கவே இல்லை. இந்தக் கதையில் அவர் சொன்ன இரண்டொரு சொல்லும் நான் என் குரலில் போட்டவை. தங்கை கேட்பதோ அவர் குரலை. அதை நான் போலியாகச் செய்து கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள். அவள்தான் விலையைக் குறைப்பதில்லையே.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். எங்கேயும் கூட வருவார், எதையும் கேட்க மாட்டார். ஒருவேளை அவர் குரல் உங்கள் காதில் இருக்கலாம். அந்தக் குரலிலேயே ஓர் எண்ணைச் சொல்லிப் பாருங்கள். மெல்ல அல்ல. தங்கைக்குக் கேட்கிற மாதிரி. அந்தப் பெண் பேனாவைக் காகிதத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாகிக்கொண்டிருக்கிறது.